கிணற்றைத் தாண்டி 17 அடியில் கல்: எட்டுவழிச் சாலைக்கு ஓர் ஊர் கொடுத்த ஆட்சேபனை மனுக்கள்

செங்கம் பக்கத்தில் ஒரு ஊர். 2018 கோடையில் தொடங்கி மூன்று வருஷம் அங்கே நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதிக் கொடுப்பவன். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுக்க அறிவிக்கை வந்தபோது, அந்த ஊர்க்காரர்களின் ஆட்சேபனை மனுக்களில் பெரும்பாலானவற்றை எழுதியது நான்தான். ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அப்போது ஏற்பட்ட மனஸ்தாபம் சில குடும்பங்களில் இன்னும் தீரவில்லை. வேறொரு ஊருக்கு வேறொரு சாலை வரும்போது மனு எழுத உட்காருகிறவருக்கு இது உதவ வேண்டும். அதனால் நான் தவறவிட்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

2018 தொடக்கத்தில் இந்தச் சாலை அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் பாரத்மாலா திட்டத்தில் ஒன்று. வண்டலூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் பிரிந்து சேலம் அரியானூரில் போய் முடியும். நீளம் சுமார் 277 கிலோமீட்டர், செலவு 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களைத் தொடும். அதில் நீளமான பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில்தான்.

ஏற்கனவே சென்னையிலிருந்து சேலம் போக இரண்டு வழி உண்டு. உளுந்தூர்பேட்டை வழி, கிருஷ்ணகிரி வழி. இரண்டிலும் நெரிசல் அதிகம், விபத்து அதிகம், புதுச் சாலை வந்தால் பயண நேரம் பாதியாகும், தொழிற்சாலைகள் வரும் என்று அரசு சொன்னது. இந்தக் காரணங்களை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் உறவினரைப் பறிகொடுத்த குடும்பம் எங்கள் ஊர்களிலும் இருக்கிறது. புதுச் சாலை ஏன் புது நிலத்தில் வர வேண்டும், இருக்கிற சாலைகளை ஏன் அகலப்படுத்தக் கூடாது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பது ஊர்க்காரர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொதுவாக அரசு நிலம் எடுப்பதற்கு 2013-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு, ஊர்க்காரர்களை உட்கார வைத்துக் கேட்பது உண்டு. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் அந்தப் பகுதி பொருந்தாது. 1956-ஆம் வருஷ தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி எடுப்பார்கள். 3ஏ பிரிவில் அறிவிக்கை, 3சி பிரிவில் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை, விசாரணை, அப்புறம் 3டி பிரிவில் நிலத்தை எடுக்கும் அறிவிப்பு. 3டி வெளியான அன்றைக்கே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். இழப்பீட்டை மட்டும் 2013 சட்டப்படி கணக்குப் போடுவார்கள். அதாவது, ஒரு விவசாயி தன் கருத்தைச் சொல்ல அந்தச் சட்டத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த 21 நாள் மனுதான்.

ஊர்

மேட்டு நிலம், ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை. மல்லாட்டை (நிலக்கடலை), கரும்பு, நெல். தண்ணீர் உள்ளவர்கள் பூ போடுவார்கள், சாமந்தியும் குண்டுமல்லியும். எல்லாருக்கும் கிணறுதான் ஆதாரம். ஊருக்குத் தெற்கே காலனி. அங்கே பாதிப் பேருக்குச் சொந்த நிலம் கிடையாது. ஊர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள், சிலர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறவர்கள்.

அறிவிக்கை

செய்தித்தாளில் பொடி எழுத்தில் வந்த அறிவிக்கையை ஒரு பையன் போட்டோ எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். பெயர்கள் இல்லை, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு சதுர மீட்டரில், அவ்வளவுதான். எங்கள் பக்கம் யாரும் சதுர மீட்டரில் நிலம் பேசுவதில்லை. சென்ட்தான், ஏக்கர்தான். 40.47 சதுர மீட்டர் ஒரு சென்ட் என்று கால்குலேட்டரில் தட்டித் தட்டி, ஒவ்வொருவர் பட்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு எழுதி முடிக்கவே நான்கு நாள். 21 நாளில் அது போனது.

அந்த நான்கு நாளில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பட்டா பெரும்பாலும் செத்துப்போன தாத்தா பெயரிலோ நான்கு அண்ணன் தம்பி கூட்டாகவோ இருந்தது. உழுகிறவர் ஒருவர், பதிவேட்டில் இருப்பவர் இன்னொருவர். இரண்டு, எத்தனை சென்ட் போகிறது என்பதை வைத்து மட்டும் இழப்பைக் கணக்கிட முடியாது.

இரண்டாவதை எனக்குப் புரிய வைத்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. மஞ்சப்பையிலிருந்து பட்டாவோடு, ஓரம் கிழிந்த பழைய மின்வாரிய அட்டை ஒன்றையும் எடுத்து வைத்தார். அவருக்கு மொத்தம் 1 ஏக்கர் 40 சென்ட். அதில் 2,430 சதுர மீட்டர் போகிறது, 60 சென்ட். மீதி 80 சென்ட் இருக்கிறதே என்று நான் சொன்னேன். "எங்க இருக்குது தம்பி? அந்தாண்ட இருபத்தஞ்சு, இந்தாண்ட அம்பத்தஞ்சு. கெணறு நடுவுல" என்றார்.

கிணற்றுக்கு இழப்பீடு தருவார்கள் அம்மா என்றேன். அவர் மின்வாரிய அட்டையை என் பக்கம் நகர்த்தினார். இலவச மின்சார இணைப்புக்கு அவர் வீட்டுக்காரர் எழுதிப் போட்டது ஒரு காலம், இணைப்பு வந்தது பதினொரு வருஷம் கழித்து. வீட்டுக்காரர் அதைப் பார்த்து ஒரு வெள்ளாமைகூட எடுக்கவில்லை. "வேற கெணறு வெட்டிக்கலாம். தண்ணி வந்தாலும் வரும். இந்த சர்வீஸு திருப்பி எப்ப வரும்?" இந்தக் கேள்விக்கு எந்த இழப்பீட்டு அட்டவணையிலும் பத்தி இல்லை.

கல்

2018 ஜூனில் அளவை தொடங்கியது. சேலம் பக்கத்தில் பெண்கள் வயலில் விழுந்து அழுததையும், போலீஸ் பாதுகாப்போடு எல்லைக் கல் நட்டதையும் டிவியில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். எதிர்த்துப் பேசியவர்கள், நோட்டீஸ் கொடுத்தவர்கள் கைதான செய்தியும் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆம்பளைகள் பலர் அந்த வாரம் இரவில் வீட்டில் தங்கவில்லை.

அளக்க வருவதைத் தடுப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. தடுக்க வேண்டாம் என்பதே என் யோசனை. அளவைக்கு நிலத்துக்குள் வர 3பி பிரிவில் அதிகாரம் உண்டு. தடுத்தால் வழக்கு விழும், வழக்கு விழுந்தால் 21 நாளும் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் போய்விடும், மனு எழுத ஆள் இருக்காது. அதற்குப் பதிலாக, கல் நட்ட உடனே போட்டோ எடுங்கள், கிணற்றிலிருந்தும் வீட்டிலிருந்தும் கல்லுக்கு டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள் என்றேன். பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர் என்னைக் கோழை என்றார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிந்தது. தாத்தா காலத்து வரப்பில் வேற்று ஆள் வந்து கல் நடும்போது சும்மா நில் என்று சொல்வது சுலபமாக வாயில் வருகிற வார்த்தை இல்லை.

அந்த அம்மா நிலத்தில் எல்லைக் கல் கிணற்றுச் சுவரைத் தாண்டி 17 அடியில் விழுந்தது. கிணறு முழுசாகச் சாலைக்குள். கல்லுக்கு அப்பால் சாமந்தி நாற்று விட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. கல் நட்டவர்களின் கால்தடம் பாத்திக்குள் வரிசையாகப் பதிந்திருந்தது. மறுநாள் காலை நான் போனபோது அந்தத் தடங்களைத் தொடாமல், மிச்ச நாற்றுக்கு மட்டும் அவர் மகன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான்.

ஊர் என்ன நினைத்தது

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஊர் முழுக்க எதிர்ப்பு. அரசுத் தரப்பிலோ பெரும்பாலானோர் சம்மதம், கொஞ்சம் பேர்தான் எதிர்ப்பு என்றார்கள். நான் நோட்டுப் போட்டுக் கேட்டவரை இரண்டும் சரியில்லை. ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது பெரும்பாலும் கல் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தே இருந்தது.

கிணறு போகிறவர்கள் ஒரே முடிவாக எதிர்த்தார்கள். பத்து சென்ட் ஓரமாகப் போகிறவர்கள் விலை கேட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர், பல வருஷமாக விற்கப் பார்த்தும் விலை போகாத நிலத்தை அரசு வாங்கிக்கொள்கிறதே என்று சந்தோஷப்பட்டார்; அதை ஊரில் சொல்ல முடியாமல் என்னிடம் போனில் சொன்னார். இரண்டு சகோதரர்களின் கூட்டுப் பட்டாவில் அண்ணன் எதிர்ப்பு, தம்பி சம்மதம். தம்பிக்கு மகள் கல்யாணக் கடன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாலைக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசியவர் ஒரே ஒருவர். சின்ன வேன் வைத்து ஊர்ப் பூவை ராத்திரியில் கோயம்பேட்டுக்கு ஏற்றிப் போகும் இளைஞர். மூன்று மணி நேரத்தில் மார்க்கெட்டில் இருந்தால் பூ வாடாது, முதல் ஏலத்துக்குப் போகலாம் என்று கணக்குச் சொன்னார். நியாயமான கணக்கு. அவரை உட்கார வைத்துச் சாலை எப்படிப்பட்டது என்று படம் போட்டுக் காட்டினேன். இது ஊர்ச் சாலை மாதிரி எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்குவது இல்லை. இரண்டு பக்கமும் அடைத்து மண்மேட்டில் போகும், குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டும் ஏறலாம், சுங்கம் கட்ட வேண்டும். டிராக்டர், மாடு எல்லாம் கீழ்ப்பாலம் இருக்கிற இடத்துக்குச் சுற்றிப் போக வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நம்ம ஊரு நெலத்துல போகுது, ஆனா நம்ம ஊரு ரோடு இல்ல" என்றார். இந்தத் திட்டத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சில் மிகத் தெளிவானது அதுதான். அதற்குப் பிறகும் அவர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடவில்லை. ஏறும் இடம் பக்கத்தில் வந்தால் எனக்கு வேண்டும் சார், வராவிட்டால் வேண்டாம் என்றார். அப்படி ஒரு பதிலை எழுத ஆட்சேபனை மனுவில் இடம் இல்லை.

இரும்புத்தாது பேச்சும் உண்டு. கவுத்திமலை, வேடியப்பன் மலையில் சுரங்கம் வரப் பார்த்ததையும் ஊர்கள் சேர்ந்து எதிர்த்ததையும் எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. சேலத்தில் கஞ்சமலை. சாலை இரண்டையும் சேர்க்கிற மாதிரி போகிறது, தாது எடுக்கத்தான் இந்தச் சாலை என்று பெரியவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதற்கு என் கையில் ஆதாரம் இல்லை. அதனால் மனுவில் எழுத மறுத்தேன். ஆனால் யாரும் முன்கூட்டி வந்து எதையும் சொல்லாத இடத்தில், மக்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய அனுபவத்தை வைத்துத்தானே யோசிப்பார்கள்.

கூட்டம் மாரியம்மன் கோயில் முன்னால் நடந்தது. காலனியிலிருந்து யாரும் வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் பதிவில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான், கீழே மறுபடி வருகிறேன்.

மனுவில் எழுதியது, எழுதாமல் விட்டது

முதலில் ஒரு பொது மனு தயார் செய்து ஜெராக்ஸ் போட்டேன். பெயர், சர்வே எண் மட்டும் காலி. ஒரே நாளில் முப்பதுக்கு மேல் முடிந்தது. சாயங்காலம் அடுக்கி வைத்துப் பார்த்தபோது அந்த அம்மாவின் கைநாட்டு சர்வே எண் மேலேயே விழுந்திருந்தது. எண் படிக்க முடியவில்லை. அதைத் திருத்த எடுத்தபோதுதான் மனுவை நிதானமாகப் படித்தேன். "மேற்படி நிலம் எனது வாழ்வாதாரம் என்பதால்" என்று எல்லாவற்றிலும் ஒரே வரி. கிணறு இல்லை, இணைப்பு இல்லை, அந்தாண்ட இருபத்தைந்து இல்லை. விசாரிக்கும் அதிகாரி ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்ய நானே வழி செய்து வைத்திருந்தேன்.

மறுநாள் தொடங்கித் தனித்தனியாக எழுதினேன். 3சி பிரிவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும் என்பதால், ஒவ்வொருவர் காரணமும் தனியாக இருந்தால் பதிலும் தனியாகத் தர வேண்டி வரும் என்பது என் கணக்கு. நாள் போதவில்லை. பாதிப் பேருக்குத்தான் அப்படி எழுத முடிந்தது. மீதி ஜெராக்ஸ் மனுவாகவே பதிவுத் தபாலில் போனது. ஒப்புகை அட்டைகளை வாங்கி ஒட்டி வைத்தோம். அது மட்டும் முழுசாகச் செய்தோம்.

இன்னொரு முடிவு இழப்பீடு பற்றியது. மனுவில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று ஊரில் முடிவானது. பணம் கேட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் பணக் கணக்கும் மக்கள் மனசில் பெரிதாக இருந்தது, காரணத்தோடுதான். இழப்பீட்டுக்கு அடிப்படை வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில மதிப்பு), அல்லது அக்கம்பக்கத்தில் மூன்று வருஷத்தில் பதிவான கிரயங்களின் சராசரி, இதில் எது அதிகமோ அது. எங்கள் பக்கம் கிரயப் பத்திரத்தில் எழுதுவது பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பைத்தான். கைமாறும் தொகை வேறு. அந்த வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க 33 சதவீதம் குறைத்திருந்தார்கள். அப்போது பத்திரச் செலவு குறைந்தது என்று நாங்களே சந்தோஷப்பட்டோம். சட்டப்படி ஆறுதல் தொகையாக இன்னொரு மடங்கு சேர்த்தாலும், அடிமதிப்பு குறைந்தால் எல்லாமே குறைவுதான். இதை மனுவில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

விசாரணை

மனு கொடுத்தவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேன் வைத்துப் போனோம். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம். ஜெராக்ஸ் மனு கொடுத்தவர்கள் உள்ளே போய், நிலத்தைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். தனி மனு கொடுத்தவர்களிடம் மட்டும் ஓரிரு கேள்வி வந்தது. அந்த அம்மா மின்வாரிய அட்டையை மேஜை மேல் வைத்தார். அங்கே இருந்தவர் அதை எடுத்துப் பார்த்து, எண்ணை ஓரத்தில் குறித்துக்கொண்டார். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு அலுவலர் கையால் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு எண்தான்.

வழக்கு நடந்த காலம்

இதற்கிடையில் விவசாயிகள், சூழல் அமைப்புகள், அரசியல் கட்சிக்காரர்கள் தொடுத்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் சேர்ந்து நடந்தன. 2018 ஆகஸ்டில் நிலத்திலிருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானம், வி.பவானி சுப்பராயன் அமர்வு நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதியை முதலில் வாங்கியிருக்க வேண்டும் என்றது. வருவாய்ப் பதிவேடுகளில் நிலத்தின் பெயர் மாறியிருந்தால் பழையபடி திருத்தித் தர வேண்டும் என்றும் சொன்னது. அன்றைக்கு ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அந்த அம்மா கல்லைப் பிடுங்கச் சொன்னார். மகன் வேண்டாம், இன்னும் மேல் கோர்ட் இருக்கிறது என்றான்.

அவன் சொன்னதுதான் நடந்தது. நெடுஞ்சாலைத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கை செல்லும் என்றது. அந்தக் கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி இருக்க வேண்டியதில்லை என்றது. பதிவேடுகளைத் திருத்தித் தரச் சொன்ன பகுதியை மட்டும் உறுதி செய்தது. ஊரில் அன்றைக்கு யாரும் அடுப்பு மூட்டவில்லை என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைக்கலாம். நான் போன மூன்று வீட்டில் மூட்டவில்லை.

2021-இல் ஆட்சி மாறியது. ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமரிடம் கொடுத்த கோரிக்கைகளில் இந்தத் திட்டத்தைக் கைவிடச் சொன்னதும் ஒன்று. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு அளக்க யாரும் வரவில்லை. சாலை வரவில்லை.

ஊரில் நடந்தது

சாலை வராததால் நஷ்டம் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மூன்று வருஷத்தில் அந்தச் சர்வே எண்களில் ஒரு நிலம்கூட விற்கவில்லை. கல்யாணக் கடன் இருந்த தம்பி, நிலத்தை அடமானம் வைக்கப் போய் வெறுங்கையோடு வந்தார். வழக்கில் இருக்கும் எண்ணுக்குப் பணம் தர ஆள் இல்லை. கடைசியில் அதிக வட்டிக்கு வெளியில் வாங்கினார். அண்ணனோடு பேச்சு நின்றது அதனால்தான், சாலையால் அல்ல என்று அவரே சொல்கிறார். பயிர்க்கடனுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) வாங்கப் போனவர்களிடம், அந்த எண்ணில் குறிப்பு இருக்கிறது, பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியது உண்டு. கிணற்றைத் தூர் வார நினைத்தவர்கள் வாரவில்லை, சொட்டுநீர் போட நினைத்தவர்கள் போடவில்லை. போட்ட காசு நாளைக்கு யாருக்கோ என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த அம்மாவின் மகன் இரண்டு வருஷம் சாமந்தி வைக்கவில்லை. கம்பும் மல்லாட்டையும் மட்டும் விதைத்தான்.

பூ வேன் இளைஞரோடு ஊரில் சிலர் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துரோகி என்ற வார்த்தையும் வந்தது. அவர் சொன்னது ஒரு நிபந்தனை. அதை ஆதரவு என்று ஊர் புரிந்துகொண்டது. புரியும்படி எழுதி வைத்திருக்க வேண்டியவன் நான்.

2021 கடைசியில் காலனிக்குப் போய் உட்கார்ந்தேன், மூன்று வருஷம் தாமதமாக. அவர்கள் சொன்னது நான் எதிர்பார்த்தது இல்லை. வாரத்துக்கு உழுதவர்களுக்கு நிலம் போனால் வேலை போகும், பதிவேட்டில் பெயர் இல்லாததால் கையில் ஒன்றும் வராது என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் இளைஞர்கள் சிலர் சாலை வேலை வந்தால் கூலி கூடும், ஊர் நிலத்தையே நம்பி இருக்க வேண்டாம் என்று அப்போது நினைத்திருக்கிறார்கள். ஒரு பெண் சொன்னார்: "எங்களக் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்போம் சார். ஆனா கேக்கலையே." இன்னொருவர், அவர் மாமனார், குறுக்கே வந்து, நான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன் என்றார். ஒரே திண்ணையில் இரண்டு பதில்.

அடுத்த முறை எப்படிச் செய்வேன்

அறிவிக்கை வரும்வரை காத்திருக்க மாட்டேன். சாலை பற்றிய பேச்சு வந்த மாசமே பட்டா மாற்றத்துக்கு எழுதச் சொல்வேன்: செத்தவர் பெயரை எடுத்து வாரிசுகள் பெயரைச் சேர்க்க, கூட்டுப் பட்டாவைப் பிரிக்க. 21 நாளில் இது நடக்காது. ஆறு மாசத்திலும் சில நேரம் நடக்காது.

நோட்டில் சென்ட் மட்டும் எழுத மாட்டேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கிணறு எந்தப் பக்கம், இணைப்பு எண் என்ன, மீதி நிலம் எத்தனை துண்டு, அதற்குப் போக வழி எது, மாட்டை எங்கே கட்டுகிறார்கள், யார் வாரத்துக்கு உழுகிறார் என்று எழுதுவேன். இதெல்லாம் கேட்க ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் கொடுக்கலாம்.

ஜெராக்ஸ் மனு எழுத மாட்டேன். நாள் பற்றாவிட்டால் மூன்று பேரைப் பழக்கிக்கொள்வேன். பிளஸ் டூ படித்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், கையெழுத்தும் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பணத்தைப் பற்றி எழுதுவதா என்பதில் என் எண்ணம் மாறிவிட்டது. நிலத்தைத் தர ஆட்சேபனை என்று முதல் பத்தியிலும், அதை மீறி எடுத்தால் இன்னின்னதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், இது சம்மதம் ஆகாது என்று இரண்டாம் பத்தியிலும் எழுதலாம். வழக்கறிஞர் ஒருவரிடம் வாசகத்தைக் காட்டி வாங்கிக்கொள்வேன். அப்படி எழுதியிருந்தால் கல்யாணக் கடன்காரர் ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டாம்.

நிபந்தனையோடு ஆதரிக்கிறவர்களின் கருத்தையும் எழுதி அதே மனுக்கட்டில் சேர்ப்பேன். ஊர் ஒரே குரலில் பேச வேண்டும், இல்லாவிட்டால் பலவீனம் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் பூ வேன்காரர் கேட்ட கேள்வி, எங்கள் ஊருக்கு ஏறும் இடம் எது என்பது, எதிர்த்த அத்தனை பேர் மனுவிலும் இருந்திருக்க வேண்டியது. பதில் சொல்ல முடியாத கேள்வியாக அது அந்த மேஜையில் நின்றிருக்கும்.

கூட்டத்தைக் கோயில் முன்னால் வைக்க விட மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வைக்கச் சொல்வேன், காலனிக்கு நானே நேரில் போய்ச் சொல்வேன். அவர்களுக்கு 3சி பிரிவில் ஆட்சேபனை சொல்ல நிலம் இல்லாமல் இருக்கலாம். மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்க யாருக்கும் நிலம் தேவையில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றால் போதும்.

அந்த அம்மா இந்த வருஷம் தைக்கு முன்னால் வந்தார். இணைப்பு இன்னும் வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தது. மகன் பெயருக்கு மாற்ற மனு எழுதச் சொன்னார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல், பழைய அட்டை எல்லாம் அதே மஞ்சப்பையில் இருந்தன. எழுதிக் கொடுத்தேன். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதைச் சுற்றி உழுகிறோம் என்றார்.